கணினிக்குப் பக்கத்தில் கிடக்கும் கொப்பி

கேள்வி:

நான் யாழ்ப்பாணத்தில் 19 வருடங்களாக இயங்கிவரும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடைகள், பாமசிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றுக்கான கணக்கு மற்றும் இருப்பு மென்பொருளே எங்கள் தயாரிப்பு. ஏழு வருடங்கள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த என்னைக் கடந்த மாதம் தயாரிப்பு முகாமையாளராக நியமித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 340 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடங்களாக அந்த எண்ணிக்கை அசையவில்லை. “நிறுவனத்தை வளர்த்துக் காட்டுங்கள்” என்பது மட்டுமே முதலாளி எனக்குத் தந்த விளக்கம். மென்பொருளை அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும் என்கிறார் தலைமைப் பொறியியலாளர். விற்பனைப் பிரிவினர் கடைக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கனடாவில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு விற்கலாம் என்கிறார் முதலாளியின் உறவினர் ஒருவர். நிரலும் எழுதாமல் விற்பனையும் செய்யாமல் இவர் என்னதான் செய்கிறார் என்று ஓர் இளம் பொறியியலாளர் என் காதுபடவே கேட்டுவிட்டார். உண்மையில் என் வேலை என்ன? இதற்காக முகாமைத்துவப் பட்டம் ஏதும் படிக்க வேண்டுமா?

— கோண்டாவில் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்த இளம் பொறியியலாளர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஏற்றிருக்கும் பதவி மென்பொருள் உலகில் பிறந்ததன்று. சவர்க்காரம் விற்ற இடத்தில் பிறந்தது. அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் கமே என்ற சவர்க்காரத்தின் விளம்பரங்களைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ரோய் என்ற இளைஞர், தன்னுடைய சவர்க்காரம் அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற ஐவரி சவர்க்காரத்தின் நிழலில் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, ஒவ்வொரு பண்டத்தின் விற்பனை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை முழுப் பொறுப்பாக எடுத்துப் பார்ப்பதற்குத் தனி ஆட்கள் வேண்டும் என்று 1931இல் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது 1837இல். ஆகவே, காலூன்றி நிற்கும் ஒரு பழைய நிறுவனம், எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தும் ஏதோ ஒன்று யாருடைய கண்ணிலும் படாமல் போகிறது என்று உணர்ந்தபோது உருவான பதவி இது. உங்கள் முதலாளியும் அந்த உணர்வில்தான் உங்களை நியமித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத் தெரியாமல் “வளர்த்துக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

ஒரு வேலை எப்போது முடியும், யார் செய்வது என்று பார்ப்பவர் செயற்றிட்ட முகாமையாளர். அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா, செய்தால் கடைக்காரருக்கு என்ன பயன், அந்தப் பயனுக்கு அவர் காசு தருவாரா, எங்களிடம் இருக்கும் ஆட்களைக் கொண்டு அதைக் கட்ட முடியுமா என்று பார்ப்பவர் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் PM என்ற ஒரே சுருக்கப் பெயர் அமைந்துவிட்டதால் எங்கள் ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தயாரிப்பு முகாமையாளரைக் கூட்டக் குறிப்பு எழுதுபவராக ஆக்கிவிடுகிறார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் 340க்கு வருவோம். மூன்று வருடங்களாக எண்ணிக்கை அசையவில்லை என்றால் புதிதாக யாரும் வரவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். மாதத்துக்கு 2 வீதம் வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், காதுக்குச் சிறிதாகக் கேட்கும் அந்த எண் உங்கள் நிறுவனத்தில் மாதத்துக்கு ஏழு கடைகளைக் குறிக்கும்; நின்ற இடத்தில் நிற்பதற்கே விற்பனைப் பிரிவு வருடத்துக்கு எண்பதுக்கு மேற்பட்ட புதுக் கடைகளைப் பிடித்தாக வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் கை நோவதைக் கண்டு அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. எனவே உங்கள் முதல் வேலை, கடந்த மூன்று வருடங்களில் வந்தவர்கள் எத்தனை, போனவர்கள் எத்தனை என்று கணக்குப் பிரிவின் பதிவுகளிலிருந்து கையாலேயே ஒரு பட்டியல் எடுப்பது. போனவர்களிலும், 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தாங்க முடியாமல் கடையையே மூடியவர்கள் வேறு. இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறியவர்கள் வேறு. கணினியை மூடி வைத்துவிட்டுப் பழையபடி கொப்பிக்குத் திரும்பியவர்கள் வேறு. முதலாவது வகையினருக்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. மூன்றாவது வகையினரைத்தான் நான் முதலில் தேடிப் போவேன், ஏனென்றால் உங்கள் மென்பொருள் எந்த இடத்தில் கொப்பியிடம் தோற்றது என்பதை அவர்களைப் போலத் தெளிவாக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. உதவி கேட்டு நாளுக்கு மூன்று தரம் தொலைபேசி எடுக்கும் கடைக்காரரைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். அவர் மென்பொருளைப் பாவிக்கிறார், அதனால்தான் எடுக்கிறார். ஆறு மாதங்களாக ஒரு அழைப்பும் எடுக்காத கடையே எனக்குப் பயம் தருவது.

கொப்பி என்று சொன்னேன். இந்தப் பதிலில் ஒரேயொரு விடயத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் ஓடும் எந்தக் கடைக்குப் போனாலும் கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கிடக்கும். அதில் கடன் வாங்கியவர்களின் பெயர்கள் இருக்கலாம்; வேலைக்கு நிற்கும் பெடியனுக்குக் கொடுத்த சம்பள முற்பணம் இருக்கலாம்; கொழும்பிலிருந்து லொறி வந்து இறக்கிய சாமானில் உடைந்தவை, குறைந்தவை இருக்கலாம்; பாமசி என்றால் காலாவதியாகப் போகும் மருந்துகளை விநியோகத்தருக்குத் திருப்பி அனுப்பிய கணக்கு இருக்கலாம். 19 வருடங்களாக மென்பொருள் விற்றும் அந்த வேலை இன்னும் உங்கள் மென்பொருளுக்கு வெளியே நடக்கிறது. காலூன்றிய நிறுவனம் ஒன்றின் அடுத்த வளர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது: ஏற்கெனவே உங்களை நம்புகிற, ஏற்கெனவே காசு தருகிற ஒருவர், உங்களை நம்பித் தராமல் வைத்திருக்கும் வேலையில்.

இது என் கற்பனையன்று. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய இன்டியூட் என்ற நிறுவனம் குவிக்கன் என்ற மென்பொருளை வீட்டுச் செலவுக் கணக்குக்காக விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்களில் கணிசமானோர் அதை வீட்டில் வைத்துப் பாவிக்கவில்லை, தங்கள் சிறு வியாபாரத்தின் கணக்கை அதிலே போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. வியாபாரக் கணக்குக்கென்றே சந்தையில் வேறு மென்பொருள்கள் இருந்தும், இரட்டைப் பதிவு முறையின் பற்று வரவுகளோடு மல்லுக்கட்ட விரும்பாத கடைக்காரர்கள் வீட்டுக் கணக்கு மென்பொருளை வளைத்துத் தங்கள் தேவைக்குப் பாவித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து 1992இல் அந்த நிறுவனம் வெளியிட்ட குவிக்புக்ஸ் பின்னாளில் மூலத் தயாரிப்பையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்த நிறுவனத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது: மென்பொருளைக் கடையில் வாங்கியவரின் அனுமதியோடு அவர் வீடு வரை கூடப் போய், பெட்டியைத் திறந்து கணினியில் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், இடையில் வாய் திறக்க மாட்டார்கள்.

வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றவன். கொழும்பில் நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்கள் “நல்ல அறிக்கைகள் வேண்டும்” என்று கேட்டதை அப்படியே நம்பி, வண்ண வரைபடங்கள் நிறைந்த ஓர் அறிக்கைப் பகுதியை எட்டு மாதங்கள் ஐந்து பொறியியலாளர்களைக் கொண்டு கட்டுவித்தேன். வெளியிட்ட பிறகு பார்த்தால், பெரும்பாலானோர் அதைத் திறந்து, வரைபடங்களைத் தாண்டிக் கீழே போய், தரவுகளை எக்ஸெலுக்கு இறக்கும் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொத்தானுக்கு இரண்டு நாள் வேலை போதும். அவர்கள் கேட்டதைக் கேட்டேன், செய்வதைப் பார்க்கவில்லை. அந்தப் பிழை முழுக்க என்னுடையது.

கொப்பிக்கு வெளியே வளர்ச்சி வரக்கூடிய இன்னொரு வாசல், உங்கள் துறைக்கே உரியது, சட்ட மாற்றம். பெறுமதி சேர் வரி 2024 சனவரி 1ஆம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் உங்கள் உதவிப் பிரிவின் தொலைபேசி ஓய்ந்திருக்காது. ஆனால் அதே நாளில் நடந்த மற்றொரு மாற்றத்தை உங்கள் நிறுவனத்தில் யாராவது வளர்ச்சியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வின் எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைக்கப்பட்டது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நின்ற நடுத்தர வியாபாரிகள், கஸ்தூரியார் வீதியிலானாலும் சாவகச்சேரியிலானாலும், அதுவரை தேவைப்படாத வரிக் கணக்கு ஒன்றைத் திடீரென்று வைக்க வேண்டியவர்களானார்கள். அப்படியானவர்களுக்கு மூன்று மாதம் முன்னதாகவே, “பதிவு செய்வது முதல் வரி விபரத்தோடு பில் அடிப்பது வரை எங்களிடம் ஆயத்தமாக இருக்கிறது” என்று சொல்லத்தக்க ஒரு தயாரிப்பை வைத்திருப்பது விற்பனைப் பிரிவின் வேலையாகாது, பொறியியல் பிரிவின் வேலையும் ஆகாது. அது உங்களுடையது. வரவுசெலவுத் திட்ட உரை வரும் காலத்தில் கிரிக்கெட் பார்ப்பவரைப் போல நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

விற்பனைப் பிரிவினர் கொடுக்கும் வாக்குகளைப் பற்றி நீங்கள் சற்றுக் கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விற்றால் தரகுப் பணம், விற்காவிட்டால் இல்லை என்ற ஒழுங்கில் அவர்களை வைத்தது நிறுவனம். ஆனால் அந்த வாக்குகளின் விலையை முதலாளிக்கு விளங்கப்படுத்த உங்களைப் போலத் தகுதியானவர் வேறு யாருமில்லை, ஏனென்றால் நீங்கள் பரிசோதனைப் பிரிவிலிருந்து வந்தவர். ஒரு கடைக்காக மட்டும் போட்டு, மற்றவர்களுக்கு மறைத்து வைக்கும் ஒவ்வொரு வசதியும் மென்பொருளுக்குள் ஓர் ஆளி, அதாவது சுவிட்ச். பத்து ஆளிகள் இருந்தால் அவை திறந்தும் மூடியும் நிற்கக்கூடிய விதங்கள் 1,024; பதினொன்றாவது ஆளி வந்தால் 2,048. ஒரு வசதியைக் கட்ட மூன்று நாள் எடுக்கும் என்று பொறியியலாளர் சொல்லும்போது, அதைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டிய வருடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டி, உங்களைக் கேட்காமல் எந்தக் கடைக்கும் எந்தத் திகதியும் சொல்லக் கூடாது என்ற ஒரு விதியை முதலாளியின் வாயாலேயே சொல்லுவியுங்கள். உங்களுக்குக் கீழே யாரும் வேலை செய்யாத இந்தப் பதவியில் உங்களுக்கு வேண்டிய அதிகாரம் அவ்வளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் வேறு எதுவும் நடக்காது. அதன் பிறகு “இல்லை” என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். ஐந்து கடைகள் ஒரே விடயத்தைக் கேட்டால் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன் என்றும் சொல்லுங்கள், சொன்னபடி எடுத்துப் பாருங்கள்.

தலைமைப் பொறியியலாளருடன் மோத வேண்டாம். பழைய நிரலோடு அவர் படும் பாடு உண்மையானது. எனினும் அடியிலிருந்து எழுதும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். நெற்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் 4ஆம் பதிப்பை 1997இல் வெளியிட்டுவிட்டு, பின்னர் பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதப் புகுந்து, 5ஆம் பதிப்பு என்று ஒன்று வெளிவராமலே 6ஆம் பதிப்பை 2000 நவம்பரில்தான் வெளியிட முடிந்தது. அந்த மூன்று வருடங்களில் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. நெற்ஸ்கேப் வீழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் புதிதாக எழுதும் காலம் முழுவதும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப் புதிதாக எதுவும் இருக்காது என்ற உண்மை உங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தும். எந்தப் பகுதி பழையதாக இருப்பதால் எந்த வேலை தாமதமாகிறது என்று அவரிடமே கேட்டு, அதிகம் நோகும் ஒரு பகுதியை மட்டும், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குள்ளேயே மாற்றுவதற்கு ஒவ்வொரு காலாண்டிலும் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தை அவருக்காக நீங்கள் வாதாடி வாங்கிக் கொடுத்தால், “இவர் என்ன செய்கிறார்” என்ற கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து எழாது.

கனடா யோசனை கேட்பதற்கு இனிமையானது. ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவரும் எங்கள் ஆள், பேச்சும் ஒன்று, விற்கும் மிளகாய்த்தூளும் ஒன்று. ஆனால் அவருடைய வரி எங்களுடையதன்று. ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 வீதம்; அல்பேர்ட்டாவில் மத்திய அரசின் 5 வீதம் மட்டும்; கியூபெக்கில் அந்த 5 வீதத்தோடு மாகாண வரி 9.975 வீதம். அடிப்படை உணவுப் பொருட்களுக்கு வரியில்லை என்பதால், ஒரே பில்லில் அரிசிக்கு ஒரு விதமும் சோடாவுக்கு இன்னொரு விதமும் கணக்கிட வேண்டும். இதற்கு மேல், மென்பொருள் மக்கர் பண்ணும்போது அங்கே சனிக்கிழமை மாலை, இங்கே ஞாயிறு விடியப்புறம். ஆகவே இதை இன்னொரு சந்தை என்று பார்க்காமல் இன்னொரு தயாரிப்பு என்று பார்த்துச் செலவைக் கணக்கிட்டு, அந்தத் தாளை முதலாளியிடம் கொடுங்கள். முடிவு அவருடையது. உறவினர் சம்பந்தப்பட்ட விடயங்களில் எண்களைப் பேசவிட்டு நாங்கள் சும்மா இருப்பது நல்லது.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒரு தரம் விற்று ஒரு தரம் காசு வாங்கும் முறையில் உங்கள் நிறுவனம் இன்னும் இருக்குமானால், மாதச் சந்தாவுக்கு மாறுவோம் என்ற பேச்சு விரைவில் எழும். மாறலாம், ஆனால் இடையில் ஒரு பள்ளம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபோட்டோஷொப் மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இனிச் சந்தா மட்டுமே என்று 2013 மே மாதத்தில் அறிவித்தது, 2012இல் 4.4 பில்லியன் டொலராக இருந்த அதன் வருமானம் 2013இல் ஏறத்தாழ 4.1 பில்லியனாக இறங்கி, 2015இல்தான் 4.8 பில்லியனுக்கு ஏறியது. அவர்களிடம் அந்தப் பள்ளத்தைக் கடக்கும் அளவுக்குக் கையில் காசு இருந்தது. உங்கள் முதலாளியிடம் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் காசு இருக்கிறது என்பது தெரியாமல் இந்த யோசனையைத் தொட வேண்டாம்.

இணையத்தில் தயாரிப்பு முகாமைத்துவம் பற்றி வாசிக்கும்போது, பாவனையாளர்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வடிவங்களைக் காட்டிப் பரிசோதிக்கும் முறை அடிக்கடி கண்ணில் படும். மைக்ரோசொஃப்டின் பிங் தேடுபொறியில், விளம்பரத் தலைப்புக் காட்டும் விதத்தை மாற்றும் ஒரு சிறு யோசனையை முக்கியமற்றது என்று அரை வருடத்துக்கு மேல் கிடப்பில் போட்டிருந்து, 2012இல் ஒரு பொறியியலாளர் தானாகவே சோதித்துப் பார்க்க, வருமானம் 12 வீதம் ஏறியது. எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பவர்கள் எவ்வளவு பிழைவிடுவார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. உங்களுக்கும் எனக்கும் ஒரு குட்டு. ஆனால் 340 கடைகளை வைத்துக்கொண்டு அந்த முறையைச் செய்ய முயல வேண்டாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வரும் வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று பிரித்தறிய முடியாது. உங்களுக்குப் பொருந்துவது, புதிய வசதியை ஐந்து கடைகளில் ஒரு மாதம் ஓடவிட்டு, அந்தக் கொப்பி மூடப்படுகிறதா என்று போய்ப் பார்ப்பது.

பட்டம் படிப்பது உங்கள் விருப்பம். படித்தால் நிதி அறிக்கை வாசிக்கத் தெரியும், அது உதவும். இந்த வருடம் நான் படிக்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதற்காக நீங்கள் ஒதுக்கப்போகும் சனி, ஞாயிறு நாட்களில்தான் கடைகளில் கூட்டம். கிழமைக்கு அரை நாள் ஒரு கடைக்குப் போங்கள். காலையில் திறந்த கையோடு போகாமல், சாமான் வந்து இறங்கும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். விற்பனைப் பிரிவினரைக் கூட்டிப் போக வேண்டாம். அவர்களைக் கண்டதும் கடைக்காரர் விலை குறைக்கும் கதையைத் தொடங்கிவிடுவார். அதற்குப் பதிலாக, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்ட அந்த இளம் பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு எதையும் விளங்கப்படுத்த வேண்டாம். காசாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அந்தக் கொப்பி தெரியும் இடமாகப் பார்த்து இருத்திவிடுங்கள்.